கோடையில் சிவப்புப் பக்கம்

1

துபாயில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துவிடும். மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி பகல் முழுவதும் வெயிலில் காய்கிறது. மே மாதம் பிறந்துவிட்டால் நீலப் பக்கத்தில் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது. எனவே இங்கே குடும்பத்தோடு இருப்பவர்கள் எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிடுவோம். ஹீட்டர் குளியலறைக் கூரைப் பலகைக்கு மேலே, ஏசியின் குளிர்ச்சி எட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதற்குள் தங்கும் தண்ணீர் இரவு முழுக்க ஆறிக் கிடக்கும். காலையில் சிவப்புப் பக்கம் திருப்பினால் அதுதான் வரும். நவம்பரில் காற்று மாறியதும் ஹீட்டரைப் போடுவோம். அன்றிலிருந்து சிவப்பு மறுபடியும் சூடு.

வந்த புதிதில் இது தலைகீழாகத் தோன்றும். இரண்டு கோடை கழிந்தால் கை தானாகவே அந்தப் பக்கம் போகும். யோசிக்க வேண்டியிருக்காது.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். இங்கே ஓட்டல்களுக்குக் குளியலறைக் குழாய் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். அல் குசைஸில் இரண்டு அறை கொண்ட ஃப்ளாட்டில் நானும் மகள் நித்யாவும் இருக்கிறோம். என் மனைவி மல்லிகாவின் முதல் திதி இந்தத் தை மாதம் வந்தது. அன்று காலை வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் குளியலறையில் நான் கட்டிய ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

மல்லிகாவுக்கு வாதம் வந்தபோது நித்யா எட்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ஒரு காலை நேரத்தில் தோசைக்கரண்டி மல்லிகாவின் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு முழுதாகத் திரும்பியிருந்தது. வலது கையும் காலும் திரும்பவில்லை. காலை இழுத்து இழுத்து நடப்பாள். அந்தப் பக்கம் கிள்ளினாலும் தெரியாது. போகப் போக உணர்ச்சி வரும், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

மற்றதையெல்லாம் அவள் இடது கையால் பழகிக்கொண்டாள். குளியல்தான் முடியவில்லை. எங்கள் குளியலறையில் இருந்தது பாத்டப். முழங்காலுக்கு மேல் உயரமான அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். தினமும் காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன் நித்யா அம்மாவைப் பிடித்து உள்ளே இறக்கி, குளிப்பாட்டி, துடைத்து வெளியே கொண்டுவருவாள். முகம் சுளிக்காமல்தான் செய்தாள். ஆனாலும் பதின்மூன்று வயதுப் பெண். பஸ் ஹாரன் கேட்டால் அவள் கை வேகமாகும். சோப்பு கண்ணில் போகும்.

"ஒன் ஃப்ரீ டே கூட கிடையாதா எனக்கு?" என்று ஒரு நாள் தனக்குத் தானே ஆங்கிலம் கலந்து முணுமுணுத்தாள். மல்லிகாவுக்கு அது கேட்டது. என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்கவில்லை. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய குரலில் அது சொல்லப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, நித்யா தோழி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மல்லிகா பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, என்னை மாணிக்கம் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மாணிக்கம் அவளுடைய தம்பி. ஊரில் இருக்கிறான்.

"அங்க போயி?"

"ஒரு ஆளு வச்சுக்கலாம். கூலி குடுத்தா குளிப்பாட்டி விடுவாங்க."

"ஊர்ல எவளோ குளிப்பாட்டுறதுக்குப் பதிலா இங்க ஒம் புள்ள செய்யறா. அதுல என்ன வந்துச்சு?"

"ஆளு வேற, புள்ள வேறங்க. அவ முன்னாடி தெனம் இப்படி ஒக்காந்துகிட்டு… என்னால முடியல. அவ மனசுல அம்மான்னா என்னான்னு பதியற வயசுங்க இது."

"நான் குளிப்பாட்டுறேன்."

"நீங்க விடியுமுன்ன டூட்டிக்குப் போறீங்க. அதுவுமில்லாம, வேணாம்." பிறகு சொன்னாள்: "நானே குளிக்கணும். அதுக்கு வழி இருந்தா இருக்கேன். இல்லன்னா என்னை அனுப்பிடுங்க."

அவள் மிரட்டுகிறவள் அல்ல. சொன்னால் சொன்னதுதான். மூன்று பேரும் ஒரு வீட்டில் இருப்பது இனி அந்தக் குளியலறையைப் பொறுத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

3

பாத்டப்பை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக ஷவர் செய்ய வேண்டும். உட்கார்ந்தபடியே இடது கைக்கு எட்டுகிற இடத்தில் கைப்பிடி வர வேண்டும். இது என் தொழில். நாள்தோறும் ஓட்டல் அறைகளில் செய்வதுதான். ஆனால் ஃப்ளாட் எனதில்லை.

கட்டடத்தின் நாத்தூர் ஷேர்கான். வாட்ச்மேனை இங்கே நாத்தூர் என்போம். பெஷாவர்க்காரர். அவர் மூலமாகத்தான் கட்டட முதலாளியின் அலுவலகத்தை அணுக முடியும். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், அரபியில் கேட்டார்கள். டைப்பிங் கடையில் அரபியில் அடித்துக் கொடுத்தேன், வரைபடம் கேட்டார்கள். வரைபடம் கொடுத்தேன், அதைப் பார்க்கிற ஆள் எகிப்துக்கு லீவில் போயிருக்கிறார் என்றார்கள். அவர் வந்த பிறகு அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஷேர்கான் அதை வாசலில் நின்று சொன்னார்.

"பாய், தீவார் கோ ஹாத் நஹீ லகானா. சுவர்ல கை வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் வேற ஃபேமிலி."

"குழாய் எதுக்குள்ள போகும் பாய்?"

"வோ ஆப் ஜானோ." அது உன் பாடு என்று கையை விரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாபி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். மல்லிகாவை வீல்சேரில் லிஃப்டுக்குள் ஏற்றியபோதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

பழைய சுவரில் கை வைக்க முடியாதென்றால் அதற்கு முன்னால் ஒரு புதுச் சுவர் கட்டலாம். தகரச் சட்டங்களை நிறுத்தி, நடுவில் குழாய்களை ஓட்டி, ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டால் மூடி, மேலே டைல் ஒட்டுவது. ஓட்டல்களில் பாதிச் சுவர்கள் இப்படித்தான். தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும், அவ்வளவுதான்.

சாமான் வாங்க தேராவில் காசிம் பாய் கடைக்குப் போனேன். காயல்பட்டினத்துக்காரர். குழாய் வியாபாரத்தில் என்னைவிட மூத்தவர்.

"வாங்க ஃபோர்மேன். என்ன, ஓட்டல்காரனுக்குப் போட்டது போதும்னு வூட்டுக்குக் கெளம்பிட்டியளா?"

விஷயத்தைச் சொன்னேன். கேலியை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"அப்பம் இதைக் கொண்டு போங்க. தெர்மோஸ்டாட் மிக்ஸர். ரெண்டு தண்ணியையும் கலந்து விடும், சூடு ஒரு அளவுக்கு மேல போவாது. தானா நிறுத்திக்கும். தங்கச்சிக்கு ஒணர்ச்சி இல்லேங்கிறியள்ல."

நானும் அதை யோசித்திருந்தேன். "கோடையில என்ன பண்றது பாய்? அந்த மிக்ஸருக்குச் சிவப்புன்னா சூடு, நீலம்னா குளிர்ச்சி. நம்ம ஹீட்டரை அணைக்கிற கதை அதுக்குத் தெரியாதே. மே மாசம் தொட்டித் தண்ணியைத்தான் ஊத்தும். சிவப்புப் பக்கத்தை அது திறக்கவே விடாது."

அவர் தாடியைத் தடவினார். "வாஸ்தவந்தான். கோடையில தெர்மோஸ்டாட் வச்சவன் வெந்தான், குளிருல வைக்காதவன் வெந்தான்." பிறகு, "தங்கச்சியவே கேளுங்க. குளிக்கப் போறது அவதானே" என்றார்.

ஃபோனைப் போட்டுக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா எந்தப் பக்கம் எதுன்னு? இந்த ஊருக்கு வந்ததுலேருந்து குளிக்கிறேன். குளுந்த தண்ணியா வர்றதையே வாங்கிட்டு வாங்க. இந்த வெயில்ல வெந்நியில நிக்கச் சொல்றாரா அந்தப் பாய்?"

காசிம் பாய் வரை அந்தக் குரல் கேட்டது. சிரித்துக்கொண்டே சாதாரண மிக்ஸரை எடுத்துக் கொடுத்தார். அது ஏப்ரல் மாதக் கடைசி. நவம்பரைப் பற்றி யாருக்கு நினைப்பு இருக்கும்?

4

சட்டம் நிறுத்தவும் டைல் ஒட்டவும் என் சைட்டில் வேலை பார்க்கும் செல்வராசு வெள்ளிக்கிழமைகளில் வந்தான். ஜெயங்கொண்டத்துக்காரன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். வாய் ஓயாது.

முதல் வெள்ளி பாத்டப் போனது. அடுத்த வெள்ளி தரைக்குச் சரிவு கொடுத்து ஈரம் இறங்காமல் பூச்சு பூசினோம். சட்டம் நிறுத்தும் நாளில்தான் கைப்பிடியின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஓட்டல் வரைபடங்களில் அது தரையிலிருந்து நூற்றுப் பத்து சென்டிமீட்டர். நிற்கிற மனிதனுக்கான கணக்கு. நூற்றுக்கணக்கான அறைகளில் அந்த உயரத்திலேயே வைத்து வைத்து, டேப் பிடிக்காமலே எனக்குச் சரியாக வரும்.

இதற்கு அந்தக் கணக்கு உதவாது. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டு மல்லிகாவை உட்கார வைத்தேன். வெற்றுச் சட்டங்களுக்குப் பின்னால் பழைய சுவர் தெரிந்தது.

"கையை நீட்டு. எட்டிப் புடிக்கக் கூடாது. சும்மா நீட்டு."

இடது கையை நீட்டினாள். நித்யா பள்ளிப் பையிலிருந்து எடுத்து வந்த மார்க்கர் பேனாவோடு காத்திருந்தாள்.

"இங்கயா அம்மா?"

"கொஞ்சம் கீழ. இல்ல, மேல. அய்யோ, என்னடி, கழுத்தை அளக்குற தையல்காரி மாதிரி நிக்கிற."

"ஸ்டில்லா இருங்கம்மா!"

"இருக்கேன்டி. ஒரு பக்கம் எப்பவும் ஸ்டில்லாத்தான் இருக்கு."

செல்வராசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நித்யாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நித்யா தகரச் சட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அளந்து பார்த்தேன். எழுபது.

கோடு விழுந்தது சரியாக ஒரு சட்டத்தின் மேலேயே. மிக்ஸர் சட்டத்துக்குள் உட்காராது. பத்து சென்டிமீட்டர் தள்ளிக்கொள்ளலாமே என்றான் செல்வராசு. கையைத் தள்ளி வைக்க முடியாதென்று சட்டத்தைத்தான் நகர்த்தச் சொன்னேன். இரண்டு சட்டங்களுக்கு நடுவே கனமான பிளைவுட்டைக் குறுக்கே அடித்து அதன்மேல் மிக்ஸரின் உடலை முடுக்கினேன். டைல் ஒட்டி முடிந்த பிறகு கைப்பிடி வெளியே வர வேண்டிய அளவுக்குத் தள்ளி வைப்பதுதான் இதில் நுணுக்கம். உள்ளே போனால் கைப்பிடி மாட்டாது, வெளியே வந்தால் மூடி பொருந்தாது. பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி வர வேண்டிய இடத்திலெல்லாம் போர்டுக்குப் பின்னால் பிளைவுட் கொடுத்தேன். வெறும் ஜிப்சத்தில் கம்பி மாட்டினால் ஆள் பாரம் தாங்காது, பிய்த்துக்கொண்டு வரும்.

"அஞ்சு நட்சத்திர ஓட்டல்ல ராஜா வந்து குளிச்சாலும் இப்படி அடிச்சுக் கொடுத்ததில்லண்ணே நாம" என்றான் செல்வராசு.

"ராஜா விழுந்தா தூக்க ஆளிருக்கு" என்றாள் மல்லிகா வெளியிலிருந்து.

பச்சை நிற பிளாஸ்டிக் குழாய்களைச் சூடு காட்டி ஒட்டி முடித்ததும் கைப்பம்பு போட்டு அழுத்தம் ஏற்றி விட்டுவிட்டேன். மறுநாள்வரை மீட்டர் முள் நகராமல் இருந்தால்தான் கசிவில்லை என்று போர்டு அடிக்கலாம். நான் போகும்போதும் வரும்போதும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு அந்த முள்ளையே பாத்துகிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள் மல்லிகா.

"மூடிட்டா அப்பறம் உள்ள பாக்க முடியாது. இப்பவே பாத்துக்கணும்."

முள் நகரவில்லை. மூடினோம்.

5

முதல் நாள் அவள் தனியாகக் குளிக்கப் போனபோது, கதவைத் தாழிடக் கூடாது என்பது மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டது. நானும் நித்யாவும் வெளியே தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நித்யா என் கையைப் பிடித்தாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"வருதுங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "சில்லுன்னு வருது!"

எவ்வளவு நேரம் குளித்தாள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குத் தெரியும். ஈரத் தலையோடு, பொத்தான் மாறிப் போட்ட நைட்டியோடு, சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நித்யா எழுந்து பொத்தானைச் சரிசெய்யப் போனாள். கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்டி. நானே தப்பாப் போட்டேன், நானே சரி பண்ணிக்கிறேன்."

அந்தக் கோடை நன்றாக இருந்தது. இங்கே யாரும் கோடையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். வலது காலுக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவாளாம். கைஷவரை இடது கையில் பிடித்துக்கொண்டு, உணர்ச்சியில்லாத அந்தக் காலின் தொடையிலிருந்து பாதம்வரை நனைத்துவிட்டுத்தான் மற்ற பக்கம் வருவாள். "தூங்குறவளை மொதல்ல எழுப்பணும்ல" என்பாள். ஊர் நியாயம், வீட்டு நியாயம் எல்லாம் பேச ஆரம்பித்தாள். தம்பி வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பேச்சே எழவில்லை. நித்யாவும் மாறினாள். காலையில் பஸ்ஸுக்குப் போவதற்கு முன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட அவளுக்கு நேரம் கிடைத்தது.

6

நவம்பரில் ஒரு நாள் மாலை காற்று மாறியது. பால்கனிக் கதவைத் திறந்து வைக்கலாம் போலிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வீட்டில் யாராவது ஒருவர் ஹீட்டரைப் போடுவார். அந்த ஆண்டு நித்யா போட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.

"அம்மா, ஹீட்டர் போட்டுட்டேன். நாளைலேருந்து ஹாட் வாட்டர்."

"சரி கண்ணு" என்றாள் மல்லிகா. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை நான் சைட்டில் இருந்தேன். நடந்ததை நித்யா பின்னால் சொன்னது இவ்வளவுதான். அவள் அடுப்படியில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கீழே ஈரம் சொட்டுகிறதே என்று நித்யா பார்த்தாள். பாதத்தின் மேல் தோல் சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றாளாம் மல்லிகா.

அவளுக்குத் தெரியவே இல்லை. கைக்குத் தெரிந்த பக்கம் திருப்பியிருக்கிறாள். வழக்கம்போல வலது காலுக்கு முதலில் ஊற்றியிருக்கிறாள். தொடையிலிருந்து பாதம்வரை. இடது பக்கம் வந்தபோதுதான் சுட்டது. உடனே நீலத்துக்குத் திருப்பி, பிசகிவிட்டோமே என்று தனக்குள் சிரித்துக்கொண்டு மீதியைக் குளித்து முடித்திருக்கிறாள்.

புண் ஆறுவதற்கு வெகுநாள் ஆயிற்று. வலியே இல்லை என்றாள். உண்மைதான், இல்லை. அதுதான் பார்த்துத் தாங்க முடியாததாக இருந்தது.

காசிம் பாய் கேள்விப்பட்டு அந்தத் தெர்மோஸ்டாட் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்றார். "குளிருக்கு இதைப் போடுங்க, கோடைக்குப் பழசை மாத்திக்கலாம். வருசம் ரெண்டு தடவை சொவத்தைத் தொறக்குற மாதிரி ஒரு கதவு வச்சிருவோம். என்ன இப்பம்?" என்றார். குழாய் வியாபாரி பேசுகிற பேச்சல்ல அது. ஆனால் செய்ய முடியாததும் அல்ல. டைலை வெட்டுவதற்கு நான் வெள்ளிக்கிழமையைக் குறித்தும் வைத்துவிட்டேன்.

மல்லிகா வேண்டாம் என்றாள்.

"சொவத்தை ஒடைக்காதீங்க. சொவத்து மேல தப்பில்ல."

"அப்பறம் என்ன மல்லிகா?"

"அவளைப் பாருங்க."

பார்த்தேன். புண்ணுக்காக நான் லீவு போட்டு வீட்டில் இருந்த நாட்கள் அவை. நித்யா ஹீட்டரை அன்றைக்கே அணைத்துவிட்டிருந்தாள். ஆனாலும் காலையில் அம்மாவுக்கு முன்னால் உள்ளே போய் இரண்டு பக்கமும் திறந்து தன் கையில் விட்டுப் பார்ப்பாள். பிறகு அம்மா குளித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியே சீருடையோடு நிற்பாள். பஸ் ஹாரன் அடித்தாலும் நகர மாட்டாள். ஹாரன் அடித்து அடித்து பஸ் போய்விடும். பள்ளியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. அவளிடம் கேட்டால், "ஐம் ஃபைன்ப்பா" என்பாள். அதற்கு மேல் தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

"முன்ன குளிப்பாட்டுனா. இப்ப காவல் நிக்கிறா. முன்னயாவது அவளுக்குக் கோவம் வந்துச்சு" என்றாள் மல்லிகா. "நான் இங்க இருக்குற வரைக்கும் அந்தப் புள்ள இந்தக் கதவை விட்டுப் போகாதுங்க."

பொங்கலுக்கு முன்னால் மாணிக்கம் வந்து அவளை அழைத்துப் போனான்.

7

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதக் கணக்கு தெரியும். அதற்கு மேல் ஊரில் தங்கினால் இங்கத்திய விசா செத்துப்போகும். ஒரு முறையாவது வந்துபோகச் சொல்லி நானும் கேட்டேன். அவளால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது என்று மாணிக்கம் சொன்னான். ஆறு மாதம் முடிந்த பிறகு டைப்பிங் கடைக்குப் போய் அவளுடைய விசாவை ரத்து செய்யும் தாளை அடித்து வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. காரணம் என்ன போடட்டும் என்று கேட்டார். என்னென்ன காரணம் இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணு நாட்டுக்கு ஒரேயடியாப் போயாச்சு. இல்லாட்டி மரணம்" என்றார். முதலாவதைப் போடச் சொன்னேன்.

ஊரில் ஓர் அம்மாள் வந்து அவளைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். தொட்டிக்கரையில் நாற்காலி போட்டு, புடவையால் மறைப்புக் கட்டி. அது போதுமாக இருக்கிறது என்று மல்லிகா சொன்னாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலையில் ஃபோன் கார்டு போட்டு ஊருக்குப் பேசுவோம். முதலில் நான், பிறகு நித்யா. ஸ்பீக்கரில் இருப்பதால் எல்லாம் எனக்கும் கேட்கும். மார்க் பற்றி, தோழிகள் பற்றி அம்மா கேட்பாள். மகள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வாள். அவளுடைய தமிழ் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே போனது. வீட்டில் தமிழ் பேச என்னைத் தவிர ஆளில்லை, நானோ பேச்சில் கெட்டிக்காரனில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"ஹீட்டர் போட்டியா கண்ணு? குளிருமே அங்க."

"போட்டேன்மா."

"சூடா வருதா?"

"வருதும்மா."

கேட்பதன் காரணம் எனக்குத் தெரியும். குளிரைப் பற்றிய கேள்வி அல்ல அது. பழைய கதையை நீ மனத்தில் வைத்துக்கொள்ளவில்லையே என்று அவள் அந்த ஒரு வழியில்தான் கேட்க முடிந்தது. நித்யாவின் பதிலில் தடுமாற்றமே இருக்காது. மல்லிகாவின் குரல் அதற்குப் பிறகு லேசாகிவிடும். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

அடுத்த குளிர்காலத்தில், தை மாதத்து ஒரு புதன்கிழமை மாணிக்கம் கூப்பிட்டான். மறுபடியும் வாதம், இந்த முறை பேச்சும் போய்விட்டது என்றான். நாங்கள் விமானம் இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள்.

8

திதிக்கு நான் லீவு எடுத்திருந்தேன். வேலை நாளில் காலை வேளையில் நான் வீட்டில் இருப்பதே இல்லை. கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும். நான் குளிப்பதும் எப்போதும் முன்பக்கத்துச் சிறிய கழிவறையில்தான், மாலையில், வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில். பெரிய குளியலறை அவர்கள் இருவருக்கும் என்று விட்டுவிட்டது அப்படியே பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நித்யா எழுவதே உச்சிவேளையில்.

அன்று ஜன்னலுக்கு வெளியே, சாலை நடுவில் எழுப்பிக்கொண்டிருக்கும் மெட்ரோ தூண்கள் பாதிவரை பனிமூட்டத்தில் மறைந்திருந்தன. நான் குளித்துவிட்டு மல்லிகாவின் படத்துக்கு முன் இலை போட்டு வைத்திருந்தேன். நித்யாவும் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் விளக்கேற்றலாம். துண்டோடு தாழ்வாரத்தில் வந்தாள்.

"குளிருதே, ஹீட்டர் போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன்ப்பா."

நான் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். போட்டிருந்தால் அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். எரியவில்லை.

அவள் சொன்ன குரல் எனக்குத் தெரிந்த குரல். தடுமாற்றமே இல்லாத குரல். வெள்ளிக்கிழமைகளில் ஸ்பீக்கரில் அம்மாவுக்குச் சொன்ன அதே குரல்.

நான் சுவிட்சைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"எப்பலேருந்தும்மா?"

"அன்னிலேருந்து."

"அம்மா வாராவாரம் கேட்டாளே."

"அதான் போட்டேன்னு சொன்னேன்." பிறகு, வெகுநாள் கழித்து ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள்: "இல்லன்னா அம்மா நான் இன்னும் அதையே நெனச்சுகிட்டு இருக்கேன்னு கஷ்டப்படுவாங்கப்பா."

மூன்று குளிர்காலம். மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் ஜனவரி விடியலில் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். எலும்புவரை போகும்.

"போடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. பழகிடுச்சு."

"நித்யா. அம்மா சொவத்தை ஒடைக்க வேணாம்னு சொன்னா. சொவத்து மேல தப்பில்லன்னு சொன்னா. நீ அப்ப பக்கத்துல இல்ல."

அவள் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்களே போடுங்க" என்றாள்.

போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் காய நேரமாகும். நான் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்து வந்து தாழ்வாரத்தில், அன்று போட்ட அதே இடத்தில் போட்டேன். இருவரும் உட்கார்ந்தோம். அடுப்படியில் சோறு வடித்திருந்த வாசனை வந்தது. பால்கனியில் ஒரு காகம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் காயும் நேரம் ஆனதும் அவள் எழுந்து உள்ளே போனாள். கதவு முழுதாக மூடவில்லை. அவள் இப்போது என் உயரம் வளர்ந்துவிட்டாள். எழுபது சென்டிமீட்டரில் அவளே கோடு போட்ட அந்தக் கைப்பிடிக்கு அவள் நன்றாகக் குனிய வேண்டியிருக்கிறது. கதவிடுக்கில் அவள் முதுகு வளைவது மட்டும் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.